அப்பாவின் கால் காந்தலும் அண்ணனின் எண்ணெய்க் குப்பியும்

கேள்வி: குலசேகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், டாக்டர். அப்பாவுக்கு 74 வயது. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் பால்வெட்டு வேலை பார்த்தவர். சர்க்கரை வந்து 18 வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக, ராத்திரி ஆனால் உள்ளங்கால் காந்துகிறது என்கிறார். போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் மூன்றும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். இதயத்துடிப்பு சீராக இல்லை என்று வார்ஃபரினும் உண்டு. வலி தாங்காமல் தினமும் இரண்டு, மூன்று பாராசிட்டமால் போடுகிறார். கனடாவில் இருக்கும் அண்ணன் அடுத்த மாதம் வருகிறார். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத பொருளாம் சி.பி.டி.; அதன் எண்ணெய் கொண்டுவருவாராம். "இது கஞ்சா இல்ல, புதுசா கண்டுபிடிச்ச ஜி.பி.ஆர். 55, ஜி.பி.ஆர். 18, ஜி.பி.ஆர். 119 ஏற்பிகள்ல வேலை செய்யும், வலியும் போகும் சர்க்கரையும் குறையும்" என்கிறார். அப்பாவோ கஞ்சா என்ற பேச்சைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அந்த ஏற்பிகள் என்ன? எண்ணெயைக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த எண்ணெய் வேண்டாம். காரணத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கட்டுரையின் கடைசியில் வைத்தால், அதற்குள் அண்ணன் பெட்டி கட்டி முடித்திருப்பார்.

அப்பா சாப்பிடும் வார்ஃபரின், ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மருந்து. கல்லீரலில் சில நொதிகள் அதை உடைத்து வெளியேற்றுகின்றன. அந்த நொதிகளின் வேலையை சி.பி.டி. மந்தமாக்குகிறது. அப்போது அதே அளவு மாத்திரை சாப்பிட்டாலும் உடம்பில் வார்ஃபரின் கூடுதலாகத் தங்கும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறும். சி.பி.டி. தொடங்கிய பிறகு ஐ.என்.ஆர். உயர்ந்து, வார்ஃபரின் அளவைக் குறைக்க வேண்டிவந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. 74 வயதில், இரவில் கழிப்பறைக்கு எழுந்து போகிறவர் ஒருமுறை வழுக்கி விழுந்து தலை இடித்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணன் படித்த எந்தக் கட்டுரையிலும் அப்பாவின் மாத்திரை டப்பா இருந்திருக்காது.

சரி, இனி அந்த ஏற்பிகளுக்கு வருவோம். உங்கள் அண்ணன் சொன்னதில் பாதி உண்மைதான். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

ரிசப்டர் என்று நாங்கள் சொல்லும் ஏற்பி, செல்லின் மேலோ உள்ளேயோ இருக்கும் ஒரு புரதம். அதற்குப் பொருத்தமான வேதிப்பொருள் வந்து ஒட்டினால் செல்லுக்குள் ஒரு வேலை தொடங்கும், அல்லது நிற்கும். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளை 1964-இல் இஸ்ரேலில் ரபேல் மெசூலமும் யெகியேல் காவோனியும் பிரித்தெடுத்தார்கள். அது உடம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது 1988 வரை புதிர்தான். அந்த வருடம் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட்டின் ஆய்வகம் மூளையில் அதற்கான இடம் இருப்பதைக் காட்டியது. அதுதான் சி.பி.1. நோய் எதிர்ப்பு செல்களில் அதிகம் இருக்கும் சி.பி.2 1993-இல் வெளிச்சத்துக்கு வந்தது. இடையில் 1992-இல் இன்னொரு செய்தி. இந்த இடத்தில் ஒட்டுவதற்கு நம் உடம்பே ஒரு பொருளைத் தயாரிக்கிறதாம். ஆனந்தம் என்ற சொல்லை எடுத்து அதற்கு அனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத உங்கள் அப்பாவின் உடம்பிலும் இது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

செடியை முதலில் ஆராய்ந்தார்கள், உடம்பை அப்புறம் ஆராய்ந்தார்கள். அதனால் ஏற்பிக்கும் 'கன்னாபினாய்டு ஏற்பி' என்று செடியின் பெயரே ஒட்டிக்கொண்டது. உடம்பில் இருக்கும் ஏற்பி உண்மையில் கஞ்சாவுக்காக உண்டானதல்ல. பசி, வலி, தூக்கம், வீக்கம் என்று அதற்கு அதன் சொந்த வேலைகள் நிறைய உண்டு. இதை அப்பாவிடம் சொல்லுங்கள், கொஞ்சம் கோபம் தணியும்.

அண்ணன் சொன்ன ஜி.பி.ஆர். பெயர்கள் இதற்குப் பிறகு வந்தவை. சி.பி.1, சி.பி.2 இரண்டையும் வைத்து விளக்க முடியாத சில விளைவுகள் ஆய்வகங்களில் தென்பட்டன. சி.பி.1 இல்லாமல் வளர்த்த எலிகளிலும் இந்தப் பொருள்கள் ஏதோ செய்தன. அப்படியானால் வேறெங்கோ ஒட்டுகின்றன என்று தேடினார்கள். மரபணுப் பட்டியலில் சொந்தக்காரர் யாரென்று தெரியாத ஏற்பிகள் பல அப்போது இருந்தன. அநாதை ஏற்பிகள் என்றே அவற்றுக்குப் பெயர். அந்தக் கூட்டத்திலிருந்துதான் இந்த மூன்றும் வந்தன. ஆனாலும் மருந்தியலில் ஏற்பிகளுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு, 'கன்னாபினாய்டு ஏற்பி' என்ற முத்திரையை இன்றுவரை சி.பி.1-க்கும் சி.பி.2-க்கும் மட்டுமே கொடுத்திருக்கிறது. மற்றவை வாசலில் காத்திருக்கின்றன.

மூன்றில் அதிகம் பேசப்படுவது ஜி.பி.ஆர். 55. 1999-இல் கண்டுபிடித்தார்கள். 2007-இல் ஓர் ஆய்வுக் குழு, கஞ்சாப் பொருள்கள் இதில் வேலை செய்கின்றன என்றது. வேறு ஆய்வகங்களில் அதே பொருள்கள் அதே ஏற்பியில் அப்படி நடந்துகொள்ளவில்லை. அதே வருடம் ஜப்பானிய ஆய்வாளர்கள், எல்.பி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு கொழுப்புப் பொருள்தான் இதன் இயல்பான சாவி என்று காட்டினார்கள். அது கஞ்சாவிலிருந்து வருவதில்லை, நம் செல்களின் சவ்விலிருந்தே வருவது. சி.பி.டி. இந்த ஏற்பியைத் தூண்டுவதில்லை, அடைக்கிறது. அதுதான் இங்கே முக்கியம்.

அடைத்தால் என்ன நடக்கும்? இங்கேதான் வலிக்கதை வருகிறது. 2008-இல் வந்த ஓர் ஆய்வில், ஜி.பி.ஆர். 55 இல்லாத எலிகளுக்கு நரம்பில் காயம் ஏற்படுத்தியபோது, தொட்டாலே வலிக்கும் அந்த நிலை வரவில்லை. போர்வை பட்டாலே அப்பா துடிக்கிறாரே, கிட்டத்தட்ட அதே நிலை. படித்தவுடன் எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 2017-இல் இன்னொரு குழு அதே மாதிரி எலிகளை வைத்துச் செய்து பார்த்தது. வலி அப்படியே இருந்தது! நரம்புக் காயத்திலும் இருந்தது, வீக்கத்திலும் இருந்தது. உங்கள் அண்ணன் படித்த கட்டுரையில் 2008 இருந்திருக்கும், 2017 இருந்திருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

ஜி.பி.ஆர். 55 இன்னும் பல இடங்களில் இருக்கிறது. எலும்பைக் கரைக்கும் செல்களில் இருக்கிறது, அங்கே எலும்பு கரைவதைத் தூண்டுகிறது. இது இல்லாத ஆண் எலிகளின் எலும்பு கனமாக இருந்தது. சில புற்றுநோய்க் கட்டிகள் வளர இது துணைபோகிறது. 2018-இல் கணையப் புற்றுநோய் உள்ள எலிகளுக்கு வழக்கமான கீமோ மருந்தோடு சி.பி.டி.யும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. திருவனந்தபுரத்துக்கு கீமோவுக்குப் போய்வரும் குடும்பங்கள் என்னிடம் கஞ்சா எண்ணெய் பற்றிக் கேட்பது இந்த மாதிரிச் செய்திகளால்தான். எலிக்குக் கிடைத்த நாள்களை மனிதருக்குச் சொல்லி நம்பிக்கை கொடுக்க எனக்கு வாய் வருவதில்லை.

சி.பி.டி.க்கு உறுதியான இடம் கிடைத்திருப்பது வலிப்பு நோயில். சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத, குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய வகை வலிப்புகளுக்கு 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. இந்த விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அது எந்த ஏற்பியில் வேலை செய்கிறது என்று முடிவாகத் தெரிந்துகொண்டு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மருந்தும் மறு பகுதிக்குப் போலி மருந்தும் கொடுத்து, யாருக்கு வலிப்பு குறைந்தது என்று எண்ணிப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். எல்.பி.ஐ. ஜி.பி.ஆர். 55-ஐத் தூண்டி நரம்புகளை முறுக்கேற்றுகிறது, சி.பி.டி. அதைத் தடுக்கிறது என்று எலிகளில் விளக்கமாகக் காட்டிய ஆய்வு 2023-இல்தான் வந்தது. ஏற்பியின் பெயர் தெரிவது ஒன்று, நோயாளிக்குக் குணம் தெரிவது வேறு. இரண்டும் ஒரே வரிசையில் வர வேண்டும் என்றும் இல்லை.

ஜி.பி.ஆர். 18 பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நோய் எதிர்ப்பு செல்களில் இருக்கிறது. எலிகளின் கண் அழுத்தத்தைக் குறைப்பதில் பங்கு உண்டு என்கிறார்கள். மீன் கொழுப்பிலிருந்து உடம்பு தயாரிக்கும், வீக்கத்தை அடக்கும் ஒரு பொருள் இதில் ஒட்டுகிறது என்று 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. குளச்சல் சாளை மீன் உடம்புக்கு நல்லது என்று சொல்ல ஜி.பி.ஆர். 18 தேவையில்லை, உங்கள் பாட்டியே சொல்லியிருப்பார்கள்.

ஜி.பி.ஆர். 119 கதை உங்களுக்குப் பயன்படும். 'சர்க்கரை குறையும்' என்று அண்ணன் சொன்னது இதை நம்பித்தான். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களிலும், குடலில் ஜி.எல்.பி.1 என்ற ஹார்மோனைச் சுரக்கும் செல்களிலும் இது இருக்கிறது. நாம் கொழுப்பு சேர்ந்த சாப்பாடு சாப்பிட்டால் குடலில் ஓலியோயில் எத்தனோலமைடு என்று ஒரு பொருள் உண்டாகும். அனந்தமைடுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. அது இந்த ஏற்பியில் ஒட்டினால் ஜி.எல்.பி.1 சுரக்கும், இன்சுலினும் கூடும். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல சர்க்கரை மருந்து கிடைக்காது. பெரிய பெரிய கம்பெனிகள் இதற்கு மாத்திரை செய்தன. எலிக்குச் சர்க்கரை குறைந்தது. மனிதருக்குக் கொடுத்தார்கள், சொல்லும்படி ஒன்றும் குறையவில்லை. ஒவ்வொரு கம்பெனியாகக் கைவிட்டது. ஜி.எல்.பி.1 வழியை நேராகப் பிடித்த வேறு மருந்துகள், இப்போது எல்லோரும் பேசும் அந்த வார ஊசிகள், வெற்றி பெற்றன. ஆக, ஜி.பி.ஆர். 119-ஐக் குறிவைத்தே செய்த மாத்திரைகள் தோற்ற இடத்தில், குப்பியில் வரும் எண்ணெய் சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஏற்பி தெரிந்துவிட்டால் மருந்து கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த பெரிய அடி ஒன்றும் உண்டு. சி.பி.1 பசியைத் தூண்டும் என்பதால், அதை அடைத்து உடல் எடையைக் குறைக்க ரிமோனபான்ட் என்று ஒரு மாத்திரை 2006-இல் ஐரோப்பாவில் வந்தது. எடை குறைந்தது. கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008-இல் திரும்பப் பெற்றார்கள். நன்றாகத் தெரிந்த ஏற்பியின் கதையே இது.

அப்புறம், அண்ணன் பட்டியலில் விட்டுப்போன ஓர் ஏற்பி இருக்கிறது. அப்பாவுக்கு உண்மையிலேயே சம்பந்தப்பட்டது அதுதான். டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்த ஒரு காந்தாரி மிளகாய் போதும்.

மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரியும் உப்பும் சின்ன உள்ளியும் சதைத்துத் தொட்டுச் சாப்பிடும்போது நாக்கு காந்துகிறதே, அங்கே சூடு ஒன்றும் இல்லை. மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு நுனியில் உள்ள டி.ஆர்.பி.வி.1-ஐத் திறந்துவிடுகிறது. சுமார் 43 டிகிரிக்கு மேலான சூட்டில் திறக்க வேண்டிய கதவு அது. மூளை 'நெருப்பு' என்று புரிந்துகொள்கிறது. 1997-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் மிளகாயை வைத்தே இதைக் கண்டுபிடித்தது, 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சர்க்கரையால் நரம்பு பழுதானால் இந்தக் கதவு சும்மாவே திறந்துகொள்ளத் தொடங்கும். ஆறிக் கிடக்கும் காலில் நெருப்பு எரிவதாக அப்பா சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 'காந்துது' என்ற நம் ஊர்ச் சொல்லை நான் நோயாளிகளின் சீட்டில் அப்படியே எழுதிக்கொள்வேன். 'வலி' என்று எழுதினால் விஷயம் போய்விடும்.

இதற்கும் கஞ்சாக் கதைக்கும் என்ன தொடர்பு என்றால், அனந்தமைடு இந்தக் கதவையும் தட்டுகிறது. 1999-இலேயே அதைக் காட்டிவிட்டார்கள். சி.பி.1-இல் ஒட்டி வலியைக் குறைக்கும் அதே பொருள், அளவு கூடினால் டி.ஆர்.பி.வி.1-இல் ஒட்டி எரிச்சலைக் கிளப்பவும் கூடும். சி.பி.டி.யும் இதில் ஒட்டும். இந்த ஏற்பியை ஓயாமல் திறந்துகொண்டே இருந்தால் நரம்பு நுனி களைத்துப்போய் அடங்கிவிடும். காந்தாரி தின்று பழகியவருக்கு எரிவு குறைவது இப்படித்தான். இதையே மருத்துவமாக்கி கேப்சைசின் களிம்பு வந்தது. நம் மருந்துக்கடைகளிலேயே கிடைக்கிறது. காலின் சர்க்கரை நரம்பு வலிக்கு, 8 சதவீதம் கேப்சைசின் உள்ள ஒட்டுத்துணியை 2020-இல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள், மருத்துவமனையில் வைத்து ஒட்டுவது அது.

உடனே அம்மியில் காந்தாரியை அரைத்துவிடாதீர்கள்! நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சில வருடத்துக்கு முன், யாரோ சொன்னார்கள் என்று மிளகாய் அரைத்துக் காலில் பூசிக்கொண்டு வந்த ஒரு பாட்டிக்குக் கொப்புளம் வெடித்து, ஆற இரண்டு மாதம் ஆனது. எரிச்சல் இருக்கும் காலில் உணர்வும் பாதி செத்திருக்கும். புண் ஆவது தெரியாது.

இன்னொரு வீட்டுப் பொருளையும் சொல்கிறேன். மாறாமலைப் பக்கம் விளையும் நம் மாவட்டக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிராம்பிலும் நல்ல மிளகிலும் பீட்டா கேரியோஃபிலீன் என்று ஒரு மணப்பொருள் இருக்கிறது. அது சி.பி.2-இல் ஒட்டும் என்று 2008-இல் காட்டினார்கள். போதை துளியும் இல்லை. கஞ்சாச் செடியிலும் இதே பொருள் உண்டு. அப்படிப் பார்த்தால் நாம் பிரியாணி சாப்பிடும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கன்னாபினாய்டு ஏற்பியைத் தொடுகிறோம். அதற்காகக் கிராம்பு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விழுங்க வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் குறிப்பாக வேண்டாம். குழம்பில் போடும் கிராம்பு தாராளமாக.

அப்பாவின் மாத்திரை டப்பாவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதைத் திறந்து பாருங்கள். அண்ணன் சொல்வது போன்ற ஏற்பிகளில் வேலை செய்யும் மருந்துகள் இரண்டு அங்கேயே இருக்கின்றன.

ஒன்று பயோகிளிட்டசோன். அது வேலை செய்வது செல்லின் கருவுக்குள் இருக்கும் பி.பி.ஏ.ஆர். காமா என்ற ஏற்பியில். டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் ஆய்வகத்தில் ஒட்டும் அதே ஏற்பிதான். மரபணுக்கள் வேலை செய்யும் விதத்தையே மாற்றுவதால், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் உடம்பில் நீரைத் தேக்கவும் செய்யும். அப்பாவுக்கு இதயத்துடிப்பு சீராக இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த வாரமே மருத்துவரிடம் போய் இந்த மாத்திரை தொடரலாமா என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தைப் படித்தபோது எண்ணெயைவிட எனக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டது.

இரண்டாவது பாராசிட்டமால். மலிவான மாத்திரை, அதற்கென்ன என்று நினைப்பீர்கள். அது கல்லீரலில் சிறிது மாறி, மூளைக்குப் போய், அங்கே ஒரு கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து ஏ.எம். 404 என்ற பொருளாகிறது. அந்தச் சேர்க்கையைச் செய்வது வேறு யாருமில்லை, அனந்தமைடை உடைக்கும் அதே நொதிதான். ஏ.எம். 404 போய் ஒட்டுவது நம் காந்தாரி ஏற்பியில். பாராசிட்டமால் வலியைக் குறைக்கும் வழிகளில் இதுவும் ஒன்று என்று 2005-லிருந்து சொல்லிவருகிறார்கள். சரி, ஆனாலும் நரம்பு எரிச்சலுக்கு அது பெரிதாக உதவுவதில்லை. தினமும் இரண்டு மூன்று என்று தொடர்ந்து போட்டால் ஐ.என்.ஆர். கொஞ்சம் ஏறும். வார்ஃபரின் எழுதிக்கொடுத்தவரிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாவிட்டால் சொல்லுங்கள்.

எண்ணெயின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம், அண்ணனுக்கு உதவும். 30 மில்லி குப்பியில் 900 மில்லிகிராம் சி.பி.டி. என்று வைத்துக்கொள்வோம். வலிப்புக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். அப்பா 58 கிலோ என்றால் குறைந்தபட்சம் 580 மில்லிகிராம். குப்பி ஒன்றரை நாளுக்குத்தான் வரும். குப்பியில் எழுதியிருக்கும்படி பத்துச் சொட்டு விட்டால் 15 மில்லிகிராம் போகும். வாய்வழி போவதில் மிகச் சிறு பகுதிதான் ரத்தத்தில் சேரும். நெய்ச்சோற்றோடு சாப்பிட்டால் சில மடங்கு கூடும், வெறும் வயிற்றில் குறையும். ஒருநாள் ஓர் அளவு, மறுநாள் ஓர் அளவு. வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் ஆபத்து. வலிக்கு சி.பி.டி.யை மட்டும் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, போலி மருந்தைவிடப் பெரிய வித்தியாசம் காட்டவில்லை.

குப்பியில் எழுதியிருப்பதை நம்பலாமா என்பது தனிக் கேள்வி. 2017-இல் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. சரக்குகளை வாங்கிச் சோதித்தார்கள். மூன்றில் ஒன்றுகூடச் சரியான அளவில் இல்லை. 18-இல் டி.எச்.சி. இருந்தது. இதயம் ஏற்கெனவே தாறுமாறாகத் துடிக்கும் ஒருவருக்கு டி.எச்.சி. போனால் துடிப்பு இன்னும் வேகமாகும், தலை சுற்றும். அப்பா பயந்தது அப்போது உண்மையாகிவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சாச் செடியின் பூங்கதிர், பிசின், அவற்றின் கலவைகள் எல்லாம் அடக்கம். பூங்கதிர் சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. இலைச் சாற்றில் செய்த மருந்துகளை இங்கே சில கம்பெனிகள் ஆயுர்வேத உரிமத்தில் 'விஜயா' என்ற பெயரில் விற்பது அதனால்தான். கனடாவில் கஞ்சாவே 2018 முதல் சட்டப்படி விற்பனை. அங்கே கடையில் வாங்கிய எண்ணெய் பூவிலிருந்து வந்ததா, எவ்வளவு டி.எச்.சி. இருக்கிறது என்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நின்று அண்ணன் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வழியில் வளைகுடா நாட்டில் விமானம் மாறுகிறார் என்றால் அங்கே இன்னும் கடுமை. ஊருக்கு வந்து அப்பாவைப் பார்க்க வேண்டியவர், எங்கேயோ மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் காந்தலுக்கு என்ன வழி? வழி இருக்கிறது. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி 12 வைட்டமின் குறையும், அது குறைந்தாலும் கால் எரியும். 18 வருடத்தில் ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான். ஊசியோ மாத்திரையோ போட்டால் சரியாகக்கூடிய பகுதி அது. கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், மூன்று மாதச் சர்க்கரை அளவு, ஐ.என்.ஆர். இவற்றையும் பாருங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போனால் ஒரே இடத்தில் முடிக்கலாம்.

நரம்பு வலிக்குக் கொடுக்கும் மருந்துகளில் அப்பாவுக்கு எது பொருந்தும் என்று யோசித்தேன். அமிட்ரிப்டிலின் அவர் இதயத்துக்கு நல்லதல்ல. டுலோக்செட்டின் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். பிரிகாபலின் அல்லது காபாபென்டின், சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டுக் குறைந்த அளவில் இரவில் மட்டும் தொடங்கலாம். இதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரம் தூக்கக் கலக்கம் இருக்கும், கால் கொஞ்சம் வீங்கவும் செய்யலாம். இரவில் எழும்போது யாராவது கூடவே இருங்கள், கழிப்பறை விளக்கு எரியட்டும். இவற்றோடு கேப்சைசின் களிம்பும் கேட்டுப் பார்க்கலாம், தோலில் புண் இல்லாவிட்டால் மட்டும். பூசியவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முதல் வாரம் எரிவு கூடும், பிறகுதான் குறையும்.

பால்வெட்டு வேலை பார்த்தவர்கள் தோட்டத்தில் செருப்பில்லாமல் நடந்து பழகியவர்கள். அப்பா இப்போதும் வீட்டு முற்றத்தில் வெறுங்காலோடுதான் நடப்பார் என்று நினைக்கிறேன். சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுங்கள், ரப்பர் தோட்டத்தில் நடந்த காலுக்கு ரப்பர் செருப்பு போடக் கூச்சம் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெந்நீரில் கால் வைக்கக் கூடாது. தினமும் மாலை உள்ளங்காலை நீங்கள் பார்க்க வேண்டும், அவருக்குக் குனிந்து பார்க்க வராது.

கணுக்கால் குழி விழுகிறதா என்பதையும், பரிசோதனை முடிவுகளையும் எனக்கு எழுதுங்கள். அண்ணன் ஏதாவது கொண்டுவந்தே தீருவேன் என்று நின்றால், சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கும், உள்ளே தையல் முண்டு இல்லாத, மேல்பக்கம் இறுக்கிப் பிடிக்காத பருத்திக் காலுறை அரை டஜன் வாங்கிவரச் சொல்லுங்கள். வெள்ளை நிறமாகவே இருக்கட்டும். காலில் எங்கேயாவது கீறினால் அப்பாவுக்கு வலி தெரியாது, வெள்ளையில் ரத்தம் உங்களுக்குத் தெரியும்.